நடுவில் நிற்கும் பெட்டி

வீட்டில் நல்ல சங்கீதம் கேட்க வேண்டும் என்னும் ஆசையினால் ஸ்டீரியோ சாதனங்களைத் தனித்தனியாகப் பார்த்து வாங்கிச் சேர்க்கிறவர்கள், ஸ்பீக்கருக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, பவர் ஆம்ப்ளிஃபயரின் வாட்டுக் கணக்கை மனப்பாடமாக ஒப்பித்து, ரெக்கார்டு பிளேயரின் ஊசி முதற்கொண்டு துருவித் துருவி விசாரித்துவிட்டு, இவற்றின் மத்தியில் உட்காருகிற ப்ரீஆம்ப்ளிஃபயரை மட்டும், விலை அதிகமாயிருப்பதால் உசத்தியாகத்தான் இருக்கும் என்ற அனுமானத்தின் பேரில் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பெட்டியின் யோக்கியதை அதன் விலையில் இல்லை. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது நல்லதாகவோ வீணாகவோ ஆகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஏரிக்கும் வயலுக்கும் இடையே நின்று, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று மடையைத் திறந்து அடைக்கிற நீர்க்கட்டியின் உத்தியோகந்தான் அதற்கு வாய்த்திருக்கிறது. ரேடியோவா, சி.டி.யா, இசைத்தட்டா என்று தேர்ந்தெடுப்பதும், ஒலியைக் கூட்டிக் குறைப்பதும், பலவீனமான மின்னலையைப் பவர் ஆம்ப் ஏற்கும் அளவுக்கு உயர்த்துவதுமே அதன் பிரதான காரியங்கள்.

இவற்றில் சிரமமான காரியம் இசைத்தட்டைச் சேர்ந்தது. ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்னலையாக்கும் கார்ட்ரிட்ஜில், காந்தம் அசைகிற சாதாரண வகையிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். சுருள் அசைகிற வகையிலோ பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. போதாக்குறைக்கு, தட்டை வெட்டும்போதே கீழ் ஸ்வரங்களை அடக்கி மேல் ஸ்வரங்களை உயர்த்தித்தான் வெட்டுகிறார்கள்; அதை நேர்மாறாகத் திருத்தி, 1,000 ஹெர்ட்ஸை அளவாக வைத்துப் பார்த்தால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் கூட்டியும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு குறைத்தும் கொடுக்க வேண்டியிருக்கிறது. 1954ஆம் வருஷத்தில் ஆர்.ஐ.ஏ.ஏ. என்கிற பொது விதி ஏற்படும் வரையில் இந்தத் திருத்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபட்டிருந்தபடியால், நியூயார்க்கில் ஸால் மராண்ட்ஸ் என்பவர் 1950களின் ஆரம்பத்தில் தம் வீட்டிலேயே உருவாக்கிய 'ஆடியோ கன்ஸோலெட்' என்னும் ப்ரீஆம்பில் 36 விதமான திருத்தங்களுக்கு இடம் வைத்தார் என்றால், அன்றைய ரசிகர்கள் பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். இன்று அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இசைத்தட்டே இல்லாத வீட்டுக்காரர், இந்தத் திருத்தத்தைச் செய்யும் ஃபோனோ வசதிக்காகப் பணம் கொடுப்பது அனாவசியம்.

அடுத்த விஷயம் கெயின், அதாவது பெருக்கம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் குவாட் ஸ்தாபனம் 1967இல் வெளியிட்ட 33 என்னும் ப்ரீஆம்பையும் 303 என்னும் பவர் ஆம்பையும் எடுத்துக்கொள்வோம். முன்னது அரை வோல்ட் கொடுக்கும். பின்னதற்கு முழுச் சக்தியையும் வெளியிட அந்த அரை வோல்ட்டே போதும். ஒன்றுக்காகவே ஒன்று பிறந்த ஜோடி. ஆனால் அந்த 33இன் ரேடியோ வாசல் 100 மில்லிவோல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. 1982இல் கடைக்கு வந்த சி.டி. பிளேயரோ 2 வோல்ட்டை, அதாவது இருபது மடங்கைக் கொண்டுவந்து கொட்டுகிறது. விளைவு என்னவென்றால், வால்யூம் குமிழை எட்டு மணி முள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவதற்குள் வீடு அதிர்கிறது. குமிழின் ஒரே தண்டில், இடப்பக்கத்துக்கொன்றும் வலப்பக்கத்துக்கொன்றுமாகக் கோத்த இரண்டு பொடென்ஷியோமீட்டர்கள் அந்த அடிக்கோடியில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது அபூர்வமாகையால், இரவில் மெல்லக் கேட்கலாமென்று குறைத்தால் நடுவில் நின்று பாட வேண்டியவர் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்துவிடுகிறார். இதற்குப் புதிய ப்ரீஆம்ப் தேவையில்லை; பிளேயருக்கும் ப்ரீஆம்புக்கும் இடையில் 10 அல்லது 20 டெசிபல் குறைக்கும் சின்ன அட்டென்யுவேட்டர் இரண்டு போதும். 2 வோல்ட் சாதனமும், 1 வோல்ட்டில் நிறையும் பவர் ஆம்பும் உள்ள வீட்டுக்குப் பத்து மடங்கு பெருக்குகிற ப்ரீஆம்ப் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்றாவதாக இம்பீடன்ஸ், அதாவது மின்மறுப்பு. பவர் ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ், ப்ரீஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இன்னும் கூடுதலாயிருந்தால் க்ஷேமம். வால்வு ப்ரீஆம்பை டிரான்ஸிஸ்டர் பவர் ஆம்புடன் சேர்க்கிறவர்கள் இதில் விசேஷ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வால்வுப் பெட்டியின் வெளிவாசலில் 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிடர் ஒன்று இருக்கிறதென்றும், எதிரே உள்ள பவர் ஆம்ப் 10,000 ஓம் என்றும் வைத்துக்கொண்டால், 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைந்துபோகும். டபுள் பாஸ் வாத்தியத்தின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ் ஆகையால் அதுவும் 2 டெசிபலுக்கு மேல் இளைத்துத்தான் வெளியே வரும். அதே பெட்டியை 1,00,000 ஓம் உள்ள வால்வு பவர் ஆம்புடன் இணைத்தால் அந்த எல்லை 3.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். குறை என்பதே தெரியாது. கடையில் கம்பீரமாகக் கேட்ட ப்ரீஆம்ப் வீட்டுக்கு வந்ததும் சோகை பிடித்தாற்போல் ஆகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் சிலருடைய வியாதிக்கு மூலம் இந்தக் கணக்குத்தான்.

பெருக்கமே இல்லாமல் வெறும் பொடென்ஷியோமீட்டரை மட்டும் வைத்துச் செய்யும் பாஸிவ் வகையைச் சிலர் பரிசுத்தத்தின் சிகரமாகக் கொண்டாடுகிறார்கள். குறுகிய கம்பியானால் அது உத்தமமே. ஆனால் 50,000 ஓம் பொடென்ஷியோமீட்டர், தன் மத்திய நிலையில் 12,500 ஓம் வரை வெளியீட்டு இம்பீடன்ஸைக் காட்டும். மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் உள்ள கம்பியைப் பத்து மீட்டர் இழுத்தால் சுமார் 13,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஜாலரா ஒலி மங்கத் தொடங்கும். ஒரு மீட்டரானால் பாதகமில்லை. எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் பாலன்ஸ்டு இணைப்பும் நீண்ட கம்பி போகிற வீட்டில்தான் பிரயோஜனப்படும். பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கும் பெட்டிகளுக்கு அது பெருமைக்கே.

கணக்கெல்லாம் சரியென்றால், இரண்டொரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கடைக்காரரைச் சம்மதிக்க வைப்பது உசிதம். எதையும் ஓடவிடாமல், வழக்கமாகக் கேட்கும் அளவில் குமிழை வைத்து, ஸ்பீக்கரில் மேல் ஸ்வரங்களை ஒலிக்கும் ட்வீட்டரண்டை காதை வைத்துப் பாருங்கள். அரை அடி தள்ளியும் இரைச்சல் கேட்டால் பெருக்கம் மிஞ்சிப்போயிற்று என்று அர்த்தம். 'உம்ம்' என்று ஒரு நாதம் கேட்டால் முதலில் எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும். பெட்டியைக் குறைசொல்வது பிறகு. பரீட்சை முடிந்து அணைக்கும்போது பவர் ஆம்பை முதலிலும் ப்ரீஆம்பைக் கடைசியிலும் அணைக்க வேண்டும், போடும்போது அதற்கு நேர்மாறாக; வால்வு ப்ரீஆம்பானால் ஒரு நிமிஷம் சூடேறவிட்டு அப்புறந்தான் பவர் ஆம்பைப் போட வேண்டும். இல்லாவிட்டால் கிளம்பும் 'டப்'பென்ற அடியை ஸ்பீக்கர்தான் வாங்கிக்கொள்ளும்.