காற்று முந்திக்கொண்டால் கார் தயங்கும்

மயிலாப்பூர் லஸ் முனையில் பச்சை விளக்கு எரிகிறது. வரிசையின் முன்னால் நிற்பது ஒரு பழைய அம்பாசடர் கார். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். கார் உடனே பாய வேண்டாமா? இல்லை. எஞ்சினின் குரல் தாழ்கிறது. வண்டி ஒருமுறை முக்குகிறது. பிறகு, பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதைப்போல் திடீரென்று முன்னே துள்ளுகிறது. "பிக்கப் இல்லை" என்பார் மெக்கானிக். "திக்குது" என்பார் காரின் சொந்தக்காரர்.

இது வெறும் எரிச்சலூட்டும் குறை அன்று. கார் வலப்புறம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பேருந்து வருகிறது. கார் தயங்கி நிற்கும் 2 விநாடியில் அந்தப் பேருந்து 22 மீட்டர் நெருங்கிவிடும். அதற்குள் திரும்பிவிடலாம் என்று ஓட்டுநர் போட்ட கணக்குப் பொய்த்துப்போகும்.

முடுக்க வேண்டும் என்று மிதித்தால், கார் ஏன் முதலில் சோர்கிறது? இந்தப் புதிருக்கு விடை நிலைமத்தில், அதாவது நீங்கள் வகுப்பில் படித்த நியூட்டனின் முதல் விதியில் இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சின் வெறும் பெட்ரோலால் ஓடுவதில்லை. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். 1 லிட்டர் காற்றின் எடையோ 1.2 கிராம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை! இந்தக் கலவையைத் தயாரித்துக் கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. அதன் குறுகிய கழுத்து வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. 'ஜெட்' எனப்படும் நுண்துளை வழியே பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் துளிகளாகச் சிதறுகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நாம் நேரே பெட்ரோலைத் திறந்துவிடுவதில்லை. காற்று செல்லும் வழியிலுள்ள ஒரு தகட்டைத்தான் திறக்கிறோம்.

தகடு திறந்ததும் காற்று பாய்ந்து உள்ளே போய்விடுகிறது. அதைவிட 600 மடங்கு அடர்த்தியான பெட்ரோல் அவ்வளவு விரைவாகக் கிளம்ப முடியுமா? மாம்பலம் ரயில் நிலையத்தில் மின்சார ரயில் வந்து நின்றதும் வெறுங்கையர்கள் ஓடி ஏறிவிடுகிறார்கள். ரங்கநாதன் தெருவில் வாங்கிய மூட்டைகளோடு நிற்பவர் பின்தங்கிவிடுகிறார். அதே கதைதான் இங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் சும்மா ஓடும்போது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. அழுத்தம் குறைந்தால் திரவம் எளிதில் ஆவியாகும் என்பது நீங்கள் அறிந்ததே. தகடு திறந்ததும் காற்று புகுந்து அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. ஆவியாக இருக்கவேண்டிய பெட்ரோலில் ஒரு பகுதி குழாயின் சுவரில் ஈரமாகப் படிந்துவிடுகிறது. ஆக, அந்த ஒரு கணத்தில் சிலிண்டருக்குப் போவது பெட்ரோல் குறைந்த மெலிந்த கலவை. அது மெதுவாக எரியும். அல்லது எரியாமலே போகும். அதுதான் அந்த முக்கல்.

இதைச் சரிக்கட்டப் பொறியாளர்கள் கண்ட வழிகள் சுவையானவை. பிரீமியர் பத்மினி காரில் இருந்த சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரில் (சென்னை பாடியிலேயே செய்யப்பட்டது இது) ஒரு சின்னஞ்சிறு பம்பு உண்டு. மிதித்தவுடன் அதன் சவ்வு அழுந்தி, கூடுதலாக ஒரு பீச்சு பெட்ரோலைக் காற்றில் தெளிக்கும். அம்பாசடர்களில் பலவற்றில் இருந்த எஸ்.யு. கார்புரேட்டருக்குப் பம்பே கிடையாது. அதை 1904-இல் உருவாக்கிய இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஸ்கின்னர் காலணி வாணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தொடக்க காலத்தில் அதன் உள்ளே இருந்தது ஒரு தோல் துருத்தி! பிற்காலத்தில் துருத்தியின் இடத்துக்கு ஒரு பிஸ்டன் வந்தது. காற்று மிகுந்தால் பிஸ்டன் மேலேறிக் காற்றுவழியை அகலமாக்கும். அது துள்ளி ஏறிவிடாதபடி, அதன் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் தடுக்கிறது. பிஸ்டன் மெல்ல ஏறுவதால் வழி சிறிது நேரம் குறுகலாகவே இருக்கும். காற்றின் வேகம் கூடி, ஜெட்டிலிருந்து அதிகப் பெட்ரோல் உறிஞ்சப்படும். அந்த எண்ணெய் வற்றினால் கார் தயங்கத் தொடங்கும். பல நாள் அலைக்கழித்த தயக்கம் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தீர்ந்துவிடுவதும் உண்டு.

ஆகவே கார் திக்குகிறது என்றால் பாகங்களை மாற்றத் தொடங்குமுன், எப்போது திக்குகிறது என்று கேட்பதே முறை. மிதித்த கணத்தில் மட்டும் முக்கி, பிறகு ஒழுங்காக ஓடினால், மேலே சொன்ன பம்பையோ எண்ணெயையோ பார்க்கவேண்டும். சோலெக்ஸ் வகையில் எஞ்சின் நின்று ஆறியபின் காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, தகட்டைக் கையால் திறந்தால் மெல்லிய பெட்ரோல் தாரை உடனே தெரியவேண்டும். (பெரியவர் ஒருவர் துணையோடு, திறந்த வெளியில், அருகே எந்த நெருப்பும் இல்லாமல்தான் இதைச் செய்யவேண்டும். பெட்ரோல் ஆவி விளையாட்டுப் பொருள் அன்று.) எஸ்.யு. வகையில் பிஸ்டனை விரலால் தூக்கினால் அது தடுத்துத் தடுத்து ஏறவேண்டும்.

அண்ணா மேம்பாலத்தில் நன்றாக ஏறத்தொடங்கிப் பாதி மேட்டில் சோர்கிறதா? அப்போது முதல் பீச்சில் குறையில்லை. தொடர்ந்து வரவேண்டிய பெட்ரோல் வரவில்லை. அடைத்த வடிகட்டியும் தளர்ந்த பெட்ரோல் பம்பும் இங்கே சந்தேகத்துக்கு உரியவை.

விட்டுவிட்டு வெட்டி இழுத்தால், அதிலும் மழைக்காலக் காலையில் அதிகமானால், குறை பெரும்பாலும் மின்பொறியில்தான். மிதித்ததும் சிலிண்டரில் கலவை நிறைகிறது, அழுத்தம் கூடுகிறது. நெரிசலான வாயுவில் பொறி தாவ அதிக மின்னழுத்தம் தேவை. சும்மா ஓடும்போது போதுமாக இருந்த நலிந்த பொறி இப்போது தோற்றுவிடுகிறது. அடையாறு, பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று மின்இணைப்புகளை அரிப்பதையும் மறந்துவிடக் கூடாது. எஞ்சினின் சத்தம் மட்டும் உயர்ந்து கார் நகரவில்லை என்றாலோ, அது தயக்கமே அன்று. கிளச்சு வழுக்குகிறது. காது இருந்தால் போதும், பாதி நோய் தெரிந்துவிடும்.

பழைய கார்களுக்கு அண்மையில் புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 1 கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்றே போதும். எனவே கலப்புப் பெட்ரோலுக்கு வேண்டிய காற்று சுமார் 13.6 மடங்குதான். ஆனால் ஜெட்டின் துளை 14.7 மடங்கு காற்றுக்காக அளவெடுத்துத் துளைக்கப்பட்டது; அது மாறவில்லை. ஏறக்குறைய 8 விழுக்காடு எரிபொருளைக் குறைத்துக் கொடுத்ததற்கு இது சமம். ஏற்கெனவே மெலிந்த கலவையில் ஓடிய கார் இப்போது கொஞ்சம் அதிகமாகவே திக்கும். பழைய ரப்பர்ச் சவ்வுகளையும் எத்தனால் கெடுக்கக்கூடும்.

புதிய கார்களில் கார்புரேட்டர் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் வெளிவந்த சான்ட்ரோ போன்ற கார்களில் பெட்ரோலை ஊசித்துளைகள் பீச்சின; எவ்வளவு பீச்சுவது என்று ஒரு சிறு கணிப்பொறி முடிவுசெய்தது. இன்றைய கார்களில் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி, கலவை மெலிந்தால் சொல்லிவிடும். கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டும். மிதித்த கணத்தில் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் பழைய பம்பின் வேலையையும் அதுவே செய்கிறது. ஆனால் அளக்கும் உணரியில் தூசு படிந்தாலோ, காற்றுக்குழாய் வெடித்து அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்தாலோ, அந்தக் காரும் திக்கத்தான் செய்யும். பணிமனையில் கருவியைச் செருகினால் 'கலவை மெலிவு' என்ற குறியீடு வரும். அது நோயின் அறிகுறியே, காரணம் அன்று. குறியீட்டைப் பார்த்ததும் விலையுயர்ந்த உணரியை மாற்றிவிட்டு, அப்புறமும் திக்குகிறதே என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக்குழாய் அருகே 'உஸ்' என்ற சத்தம் கேட்கிறதா என்று முதலில் கவனிப்பதற்குக் காசு எதுவும் செலவாவதில்லை.