சூரியகாந்தித் தோட்டமும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும்

"பேய் வருதுப்பா! வீட்டுக்குள்ளே விடக் கூடாது!"

மகன் இப்படிச் சொன்னால் எந்தத் தகப்பன்தான் திடுக்கிட மாட்டான்? ஆனால் பையன் முகத்தில் பயம் இல்லை. படகு நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். கையில் செல்போன். கண் அதை விட்டு அகலவில்லை.

தூத்துக்குடிக் கடற்கரையில் இது கோடை காலத்துக் காட்சி. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகட்டும் என்று கடலுக்கு விடப்படும் ஓய்வு அது. பள்ளிக்கூடமும் விடுமுறை. தகப்பன் கிழிந்த வலையைத் தைக்கிறான். மகன் பேயை விரட்டுகிறான்!

"ஏல, எப்பப் பாத்தாலும் போனுதானா? அதுல அப்படி என்னதான் இருக்கு?"

பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. அதற்கு விடை காண்போம்.

பட்டாணியே பீரங்கி!

பையன் ஆடும் ஆட்டத்தின் பெயர் 'பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்'. செடிகளுக்கும் நடைப்பிணங்களுக்கும் நடக்கும் சண்டை! 2009-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் பாப்கேப் என்ற கம்பெனி வெளியிட்டது. இதை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஃபேன்.

திரையில் ஒரு வீடு. வீட்டுக்கு முன்னால் புல்வெளி. அதில் ஐந்து வரிசை; வரிசைக்கு ஒன்பது கட்டம். வலது பக்கத்திலிருந்து நடைப்பிணங்கள் தள்ளாடித் தள்ளாடி வருகின்றன. அவை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் ஆட்டம் போச்சு!

அவற்றைத் தடுக்கக் கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. செடிகள்தான் சேனை. பட்டாணிச் செடி பட்டாணியைக் குண்டாகச் சுடும். அக்ரூட் கொட்டை யாரையும் அடிக்காது. வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதைக் கடித்துத் தின்று முடிப்பதற்குள் பின்னால் இருக்கும் பட்டாணி தன் வேலையைச் செய்துவிடும்.

செடி நடக் கூலி வேண்டுமே? அந்தக் கூலி சூரிய ஒளி. ஆட்டம் தொடங்கும்போது கையில் இருப்பது 50. பட்டாணிச் செடியின் விலையோ 100! சூரியகாந்தியின் விலை 50. சூரியகாந்தி சண்டை போடாது. ஆனால் சற்றைக்கு ஒரு முறை ஒளி கொடுக்கும்.

இங்கேதான் புத்திக்கு வேலை. கையில் உள்ளதைச் சூரியகாந்தியில் போட்டால் வருமானம் பெருகும். ஆனால் காவலுக்கு ஆள் இருக்காது. ஒளியைச் சேர்த்து வைத்துப் பட்டாணியை நட்டால் இப்போதைக்குக் காவல் உண்டு. நாளைக்குச் செலவுக்கு வழி இல்லை. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பத் தலைவிக்கு இந்தக் கணக்கு புதிதா என்ன?

எதிரியும் ஒரே மாதிரி வருவதில்லை. ஒருவன் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வருவான். பட்டாணி அவனைச் சீக்கிரம் சாய்க்காது. இன்னொருவன் கையில் கம்போடு வருவான். முதலில் எதிர்ப்படும் செடியை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவான்! வருகிறவனைப் பார்த்துத்தான் தோட்டம் போட வேண்டும்.

ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று நிற்கும். காவல் தவறினால் அது சீறிப் பாய்ந்து அந்த வரிசையையே துடைத்துவிடும். ஆனால் ஒரே ஒரு தடவைதான். இரண்டாம் தடவை மன்னிப்பு இல்லை.

இந்த வகை ஆட்டங்களுக்கு 'டவர் டிஃபன்ஸ்' என்று பெயர். கோபுரம் நிறுத்திக் காவல் காப்பது என்று சொல்லலாம். 1990-ல் அட்டாரி கம்பெனி கொண்டுவந்த 'ராம்பார்ட்' இதற்கு முன்னோடி. அதில் பீரங்கிச் சண்டையில் இடிந்த கோட்டை மதிலைச் சில விநாடிகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். 2007-ல் நியூசிலாந்திலிருந்து வந்த 'புளூன்ஸ்' ஆட்டத்தில் குரங்குகள் காவல் நின்று பலூன்களை உடைக்கும். வேஷம் வேறு, சூட்சுமம் ஒன்று. எதை, எங்கே, எப்போது வைப்பது?

பதினைந்து ஆடு, மூன்று புலி

இந்தச் சூட்சுமம் நமக்குப் புதிதல்ல. தாத்தா பாட்டியைக் கேட்டால் ஆடு புலி ஆட்டம் என்பார்கள். கோயில் மண்டபத்துக் கல்தரையில் அந்தக் கோடுகளை இன்றும் காணலாம்.

23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. புலி தாண்டினால் ஆடு செத்தது. ஆட்டுக்குப் புலியைக் கொல்லும் பலம் இல்லை. ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எல்லாவற்றையும் வைத்து முடிக்கும் வரை ஒன்றையும் நகர்த்தக் கூடாது. வைத்த இடம் தவறானால் ஆடு போயிற்று. இடம் சரியானால் மூன்று புலிகளும் அசைய வழியின்றி அடைபட்டு நிற்கும்!

பலம் இல்லாதவன் இடத்தால் ஜெயிக்கிறான். இந்த ஆட்டங்களின் ருசியே அதுதான்.

மண்ணால் ஒரு கோட்டை

தூத்துக்குடிப் பக்கத்து மக்களுக்குக் கோட்டைக் காவலைப் பற்றி அயல் நாட்டார் சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. முயல் நாயை எதிர்த்து விரட்டிய மண் என்று கதை சொல்வார்கள்.

வீரபாண்டிய கட்டபொம்மனின் கோட்டை கருங்கல் கோட்டை அல்ல, மண் கோட்டை! சுற்றிலும் முள் வேலி. மதிலுக்கு உள்ளே நீண்ட ஈட்டி பிடித்த வீரர்கள். முள் வேலி எதிரியைத் தாமதப்படுத்தும், மதில் மறிக்கும், ஈட்டி பாயும். தோட்டத்து அக்ரூட்டும் பட்டாணியும் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

1799 செப்டம்பர் 5-ந் தேதி மேஜர் பானர்மனின் கும்பினிப் படை கோட்டையைத் தாக்கியது. அன்று உள்ளே நுழைய முடியவில்லை. பிறகு கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார், பிடிபட்டார். அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. 1801 பிப்ரவரி 2-ந் தேதி தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த இடத்தில் கோட்டை மறுபடி எழும்பியது. ஆறே நாளில் என்கிறது வரலாறு! மார்ச் 31-ந் தேதி மேஜர் மெக்காலேயின் படை தாக்கியது. மண் மதில் வென்றது. கும்பினிப் படை பின்வாங்கியது.

ஆனால் கும்பினி சும்மா இருக்குமா? கர்னல் அக்னியூ தலைமையில் மேலும் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்தன. மே 24-ந் தேதி மதிலில் பிளவு விழுந்தது, கோட்டை வீழ்ந்தது. நவம்பர் 16-ந் தேதி ஊமைத்துரையும் தூக்கில் மடிந்தார். பழைய கோட்டை தரைமட்டமாயிற்று. இன்று அங்கே நிற்பது 1974-ல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை.

போனில் தோற்றால் ஒரு தட்டு தட்டி மறுபடி தொடங்கலாம். போன தடவை எந்த வரிசையில் ஓட்டை விழுந்தது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். தோல்வியிலிருந்து பாடம் படிக்க அது நல்ல பள்ளிக்கூடம். பாஞ்சாலங்குறிச்சிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

பணப்பெட்டிக்கும் காவல் தேவை

பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2009-ல் வந்த முதல் ஆட்டம் விலை கொடுத்து ஒரு முறை வாங்கும் சரக்கு. 2011-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி பாப்கேப்பை வாங்கியது. 2013-ல் வந்த இரண்டாம் ஆட்டம் இலவசம். ஆனால் உள்ளே கடை திறந்திருக்கும். புதுச் செடி வேண்டுமா? காசு கொடு. கஷ்டமான கட்டமா? காசு கொடு!

காசு கொடுத்துக் கட்டத்தைத் தாண்டினால் புத்திக்கு என்ன வேலை? ஆட்டின் பக்கம் ஆடுகிறவன் காசு கொடுத்துப் புலியை விலைக்கு வாங்குவது போலத்தான் அது. ஆகவே பணம் செலுத்தும் ரகசிய எண் பெரியவர்களிடமே இருக்கட்டும். இத்தனை ஆட்டம்தான் என்று முன்னதாகவே பேசி முடிவு செய்துகொள்வதும் நல்லது. தோட்டத்தில் சூரிய ஒளி திரும்பத் திரும்பக் கிடைக்கும். விடுமுறை நாள் போனால் வராது.

வெறுமனே திட்டுவதை விட ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். "இதை ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேட்டால் பிள்ளை சொல்லும் காரணத்தில் அதன் புத்தி தெரியும்.

படகு நிழலில் தகப்பன் வலையைக் கீழே வைக்கிறான். மகன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறான். கிழிசலைத் தேடிப் பழகிய கண்.

"ஏல, அந்தக் கீழ் வரிசையில காவலுக்கு ஒண்ணுமே இல்லையேல!"

பையன் பதறிப்போய் ஒரு பட்டாணிச் செடியை நடுகிறான். வீடு தப்பியது!

"சரி, ஆட்டம் முடிஞ்சுதுல்லா? இப்ப இந்த வலையைப் பிடி. இதுலயும் ஓட்டை எங்க இருக்குன்னு பாரு."