பட்டியலும் மரபுரிமமும்

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பெருநூலகம் ஒன்றிற்கு, நாம் பட்டியல் நிரல் எழுதுவதாகக் கொள்வோம். தமிழ் நூற்பெயர், ஆங்கில நூற்பெயர், வெளியான ஆண்டு என மூவகைப் பட்டியல்கள் தேவை. சேர்த்தல், நீக்கல், தேடல், வரிசைப்படுத்தல் ஆகியன மூன்றுக்கும் பொது. இரண்டனுள் எது முன் வரும் என்னும் ஒப்பீடு மட்டுமே வேறுபடும்.

பொதுவான செயல்களை அடிப்படை இனக்குழுவில் ஒருமுறை எழுதினால், தருவிக்கப்பட்ட இனக்குழுக்கள் அவற்றை மரபுரிமமாகப் பெறும். ஒப்பீட்டையோ பெயரளவில் அறிவித்து, வரையறுக்காமல் விடலாம். இதுவே அருவச் செயற்கூறு. சி++ மொழியில் அதனை மெய்நிகர் செயற்கூறாக அறிவித்து, இறுதியில் ‘= 0’ என எழுதுவர். இத்தகைய இனக்குழுவுக்கு நேரடியாகப் பொருள் உருவாக்க இயலாது. தருவிக்கப்பட்ட இனக்குழு ஒப்பீட்டை வரையறுக்காவிடின், அதற்கும் இந்நிலையே. வரிசைப்படுத்தும் செயற்கூறு ஒப்பீட்டை அழைக்கும்போது, அந்தந்தப் பட்டியலுக்குரிய வரையறை இயங்கும்.

ஒப்பீட்டை ஏன் அடிப்படை இனக்குழுவிலேயே எழுதிவிடக் கூடாது? தமிழ் எழுத்து வரிசை இதற்கு விடை தரும். ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி குறியீட்டின் அமைப்பைப் பின்பற்றியது. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. தமிழ் நெடுங்கணக்கிலோ ழ, ள, ற, ன ஆகிய நான்கும் வகரத்திற்குப் பின்னரே வரும்.

அகராதி முறை: மரம், மலர், மழை, மறை, மனம்.
குறியீட்டெண் முறை: மனம், மரம், மறை, மலர், மழை.

அடிப்படை இனக்குழு குறியீட்டெண் முறையில் வரிசைப்படுத்த, தேடல் மட்டும் அகராதி முறையில் நடப்பதாகக் கொள்வோம். ‘மனம்’ என்னும் நூலை இருமத் தேடலில் தேடினால், நடுவில் ‘மறை’ இருக்கும். அகராதிப்படி ‘மனம்’ அதற்குப் பின் வருவதால், தேடல் வலப்பாதிக்குச் செல்லும். நூலோ இடப்பாதியில் உள்ளது. பிழைச்செய்தி ஏதுமின்றி, இருக்கும் நூல் இல்லையென விடை கிடைக்கும்.

ஒப்பீட்டை அருவமாக விட்டிருந்தால், அதனை வரையறுக்காத பட்டியலுக்குப் பொருள் உருவாக்க நிரல்பெயர்ப்பி இசையாது. வரையறுத்தபின், வரிசைப்படுத்தலும் தேடலும் அந்த ஒரே ஒப்பீட்டை அழைக்கும். ஆகவே, எல்லார்க்கும் பொதுவானதையே மரபுரிமமாக வழங்குதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்துரியதை அருவமாக விடுதல் வேண்டும்.