அடைத்த பல் அடிக்கடி பெயர்கிறதா? காரணம் தெரியாமல் மறுபடியும் அடைக்காதீர்கள்!

‘போன மாசம்தான் அடைச்சேன். முறுக்கைக் கடிச்சதும் பேந்து வந்துடுச்சு!’ இந்தப் புலம்பல் பல வீடுகளில் கேட்கும். உடனே ஓடிப்போய் மறுபடியும் அடைத்துக்கொள்வோம். இல்லையென்றால், ‘வலிதான் இல்லையே’ என்று விட்டுவிடுவோம். இரண்டுமே பல்லுக்கு நல்லதல்ல.

பல ஆண்டுகள் உழைத்த அடைப்பு ஒருநாள் பெயர்வது இயல்பு. ஆனால், சில மாதங்களுக்குள் இரண்டாவது முறையும் பெயர்ந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை அடைத்தாலும் நிற்காது. தவிர, ஒவ்வொரு முறை சுத்தம் செய்து அடைக்கும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும்.

ஏன் நிற்பதில்லை?

* ஈரம்: பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் அடைப்பைப் பசை தடவி ஒட்டி, நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். ஒட்டும்போது எச்சிலோ, ஈறிலிருந்து ரத்தமோ பட்டால் பிடிப்பு போய்விடும்.

* அடியில் சொத்தை: அடைப்பின் ஓரத்தில் புதிதாகச் சொத்தை அரித்தால், அடைப்பு ஆடத் தொடங்கும்.

* பெரிய குழி: பல்லின் பெரும்பகுதி போய், மெல்லிய சுவர் மட்டும் மிஞ்சியிருந்தால் அடைப்புக்குப் பிடிமானம் இருக்காது.

* கடிக்கும் அழுத்தம்: தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், அடைப்பு சற்று உயரமாக அமைந்தவர்களுக்கும் இந்தப் பிரச்னை வரும்.

* ஈறோரத் தேய்மானம்: பிரஷ்ஷை அழுத்திப் பக்கவாட்டில் தேய்த்தால், ஈறை ஒட்டிய இடத்தில் பள்ளம் விழும். அங்கே வைக்கும் அடைப்பு சுலபமாகக் கழன்றுவிடும்.

* தற்காலிக அடைப்பு: வேர் சிகிச்சையின் நடுவே வைக்கும் சிமென்ட் சில வாரங்களுக்குத்தான். வலி நின்றதும் சிகிச்சையைப் பாதியில் விட்டால், அது பெயரத்தான் செய்யும்.

பெயர்ந்த அன்று...

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். மறுபக்கத்தில் மெல்லுங்கள். குழியில் உணவு தங்காமல் மென்மையாக பிரஷ் செய்யுங்கள். பெயர்ந்த துண்டைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனாலும் எடுத்துச் செல்லுங்கள். பல்லும் சேர்ந்து உடைந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். தவறி விழுங்கிவிட்டாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது தானாக வெளியேறிவிடும்.

குழியை ஊசியாலோ குச்சியாலோ குத்தாதீர்கள். கடையில் விற்கும் பசையை வைத்து ஒட்டாதீர்கள். வலி மாத்திரையைப் பல்லின் மேலேயே வைத்தால் ஈறு புண்ணாகிவிடும். வலியில்லாவிட்டாலும் சில நாள்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். திறந்த குழியில் சொத்தை நரம்பு வரை இறங்கினால், சாதாரண அடைப்போடு முடிய வேண்டியது வேர் சிகிச்சை வரை போய்விடும்.

கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கவனம் இன்னும் அதிகம் தேவை.

மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்

‘திரும்ப அடைச்சுடுங்க’ என்று சொல்வதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்:

1. இது ஏன் பெயர்ந்தது? அடியில் சொத்தை இருக்கிறதா? எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

2. மிச்சமிருக்கும் பல் அடைப்பைத் தாங்குமா? கேப் போடுவது நல்லதா?

3. எனக்குப் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருக்கிறதா? இரவில் அணியும் நைட் கார்டு தேவையா?

4. இப்போது வைப்பது தற்காலிக அடைப்பா, நிரந்தரமானதா? அடுத்து எப்போது வர வேண்டும்?

அடைத்த பிறகு, கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிப்பதுபோல இருந்தால் ‘பழகிடும்’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். அதைச் சரிசெய்ய சில நிமிடங்களே போதும்.

கேப் என்றதும் செலவை நினைத்துத் தயங்குகிறோம். ஆனால், அடிக்கடி அடைத்துவிட்டுக் கடைசியில் பல்லையே பிடுங்க நேர்ந்தால் அதைவிட அதிகம் செலவாகும். சென்னை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. அங்கேயும் காட்டலாம்.

மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு கலந்த பேஸ்ட், காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பல் துலக்குவது: புது அடைப்பு நிலைக்க வீட்டில் நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்!