படகில் ஓர் அடுப்பு

சுந்தரவனத்தில் நண்டு பிடிக்கப் போகிறவர்கள் நாள் கணக்கில் படகிலேயே கிடக்கிறார்கள். கரையிறங்கிச் சமைக்கலாமே என்றால், கரையில் புலி. எனவே சோறு வேகுவதும் அந்தச் சின்ன மரப்படகில்தான். எந்த அடுப்பு என்பது அங்கே ருசி சம்பந்தப்பட்ட விஷயமல்ல.

பழைய துணை, தூக்கிச் செல்லும் மண் அடுப்பு. கனமானது, சுலபத்தில் சாயாது. விறகு நனைந்துவிட்டால் மட்டும் புகைதான் மிச்சம். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் வேகமானது. ஆனால் பற்றவைக்கும்போது தீ எகிறும். மூங்கில் கூரையடியில் வேண்டாத விளையாட்டு. திரி ஸ்டவ் சாது, காற்றுக்குப் பயந்தது.

5 கிலோ சிலிண்டரில் வரும் எரிவாயு சுத்தமானது, சிக்கலும் அதில்தான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியே வெளியேற்றலாம். படகில் கசிந்தால் அடிப்பலகையில் தண்ணீர்போலத் தேங்கிவிடும், வெளியேற வழியில்லை. பிறகு ஒரு பீடிக்கான தீக்குச்சி போதும். எனவே சிலிண்டரைக் கூரைக்கு வெளியே, படகின் விளிம்பு உயரத்தில் கட்டிவைக்க வேண்டும். சமைத்து முடித்ததும் அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது, சிலிண்டரையே மூட வேண்டும். உப்புக் காற்று ரெகுலேட்டரை அரிக்கும். இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு குமிழியாகத் தெரியும். இவ்வளவு கவனம் இருந்தால் எரிவாயுவே மேல்.

மண் அடுப்பை விடாதவர்களுக்கு ஒன்று: மழை இரவில் தார்ப்பாயை இறக்கிவிட்டு, கனலும் அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.