ஊசியிலை மரமும் விதைநெல்லும்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலையை நோக்குவோர் அதன் சரிவுகளிலே பைனஸ் தோப்புகளைக் காண்பர். பைனஸ் முதலிய ஊசியிலை மரங்களின் கலங்களைப் பற்றி அறிஞர் கண்ட உண்மையொன்று, விதைநெல் எடுத்துவைக்கும் கமக்காரருக்கும் பயன்படத்தக்கது.

பயிர்களின் கலங்களுள் இழைமணிகள் என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து சக்தியைப் பெற்றுக்கொடுப்பது அவற்றின் தொழில். கலத்தின் கருவிலே பரம்பரைக் குறிப்பு அடங்கியிருப்பது போல, இழைமணியினுள்ளும் தனியே ஒரு குறிப்பு உண்டு. அதனை எழுத்துக்களாக எண்ணினால், மனிதனில் ஏறத்தாழ 16,500 ஆகும். 2002இல் வாசிக்கப்பட்ட நெல்லில் ஏறத்தாழ 4,90,000. 2020இல் வெளியிடப்பட்ட சைபீரிய லார்ச் என்னும் ஊசியிலை மரத்திலோ ஏறத்தாழ 117 இலட்சம். ஆயினும் அம்மரத்திற் பயனுள்ள பரம்பரையலகுகள் மிகச் சிலவே. எஞ்சிய பகுதியிலே ஒரே தொடர் பலமுறை மீண்டும் வருகின்றது. அத்தகைய இடங்களிலே துண்டுகள் அறுந்து, இடம்மாறி இணைவதுண்டு.

நெல்லிலும் இவ்வாறு நிகழும். இடம்மாறிய துண்டுகள் சேர்ந்து புதிய பரம்பரையலகொன்றை ஆக்கி, மகரந்தத்தை மலடாக்கிவிடலாம். 1970இல் சீனாவின் ஹைனான் தீவிலே கண்டெடுக்கப்பட்ட காட்டு நெற்பயிர் இத்தகைய ஆண்மலடேயாம். நெல்லிலும் பைனஸிலும் இழைமணி தாய்வழியே வருவது. ஆதலால் அக்காட்டு நெல்லின் தாய்வழியைக் கொண்டு கலப்பின விதை பெருமளவில் உண்டாக்கப்பட்டது. மகரந்தத்தை மீட்கும் பரம்பரையலகைத் தந்தைப் பயிர் கொடுப்பதால், கலப்பின நெல் நன்கு மணிபிடிக்கும். அந்நெல்லையே மறுபோகத்துக்கு விதைத்தால், மீட்கும் அலகு எல்லாப் பயிருக்கும் கிட்டாது. சிலவற்றிற் பதர் மிகும். பயிரும் ஒரே சீராக நில்லாது.

தாய்வழி ஒன்றேயாதலும் ஆபத்தானது. 1970இல் அமெரிக்காவிலே ஒரே ஆண்மலட்டுத் தாய்வழிச் சோளம் எங்கும் பயிரிடப்பட்டிருந்தது. இலைவெளிறல் நோய் பரவி, நாட்டின் சோள விளைச்சலில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு அழிந்தது. அந்நோய்க்கு இடங்கொடுத்தது இழைமணியின் அப்பரம்பரையலகே.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. பொதியிலே கலப்பினம் எனக் குறிக்கப்பட்ட நெல்லிலோ மரக்கறியிலோ மறுபோகத்துக்கு விதை எடுத்துவைக்கலாகாது. போகந்தோறும் புதுவிதை வாங்குதல் வேண்டும்.

2. பீ.ஜி. 300 போன்ற கலப்பினமல்லாத நெல்லிலும், போஞ்சியிலும் விதை எடுக்கலாம். நோயற்ற, இனத்தூய்மையுள்ள பயிரைத் தெரிந்து, விதையை நன்கு உலர்த்திச் சேமிக்குக.

3. வயல்வெளி முழுவதும் ஒரே இனத்தை விதையாது, ஒரே வயதுடைய இரண்டு மூன்று இனங்களைப் பகிர்ந்து விதைக்குக.

விதைப்பொதியின் குறிப்பை வாசித்த பின்னரே விதையைச் சேமிப்பதா, விற்பதா என்று தீர்மானித்தல் நன்று.