ஓர் இருக்கைக்கு எத்தனை இரவு?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆட்டம் பார்க்க மாணவர்கள் காசு கொடுப்பதில்லை. கூடாரம் அடித்துப் படுக்கிறார்கள். ஒருநாள் இருநாள் அல்ல, வாரக்கணக்கில், அதுவும் ஜனவரிக் குளிரில்.

கெமாஸில் வளர்ந்த எனக்குக் கூடைப்பந்து என்றால் சீனப்பள்ளித் திடலில் மாலையில் கேட்கும் பந்துச் சத்தம்தான். எங்கள் தோட்டத்துப் பையன்களுக்கு எப்போதும் காற்பந்து. ஆனாலும் டியூக் கதையைப் படித்தபோது என் தம்பியின் நினைவுதான் வந்தது. புக்கிட் ஜாலிலில் ஹரிமாவ் மலாயா ஆடும் நாள் அறிவிக்கப்பட்டால் போதும், கோலாலம்பூரில் படிக்கும் எனக்கு உடனே அழைப்பு வரும்: “அக்கா, டிக்கெட் கெடச்சிருச்சா?”

டியூக்கின் கேமரன் உள்ளரங்கம் 1940இல் திறக்கப்பட்டது. 9,314 பேருக்குத்தான் இடம். அதில் ஒரு பகுதிதான் மாணவர்களுக்கு. 1986இல், பரம எதிரியான வட கரோலினா பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டத்துக்காகச் சில மாணவர்கள் அரங்கத்துக்கு வெளியே கூடாரம் அடித்தார்கள். அது வழக்கமாகிவிட்டது. அப்போதைய பயிற்றுநர் மைக் ஷஷெஃப்ஸ்கியின் பெயரால் அந்தப் புல்வெளியை மாணவர்கள் ‘கே-வில்’ என்கிறார்கள்.

ஒரு கூடாரத்துக்கு 12 பேர் வரை. பகலில் ஓரிருவர் இருந்தால் போதும். இரவில் பெரும்பாலோர் இருக்க வேண்டும். வரிசையைக் கண்காணிக்கும் மாணவர்கள் நினைத்த நேரத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள், நள்ளிரவு தாண்டியும். ஆள் இல்லாமல் மாட்டிக்கொண்டே இருந்தால் இடம் போய்விடும். குளிர் ஆபத்தான அளவுக்குப் போனால் அறைக்குத் திரும்ப அனுமதி.

கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எனக்கு இதில் ஒன்று பிடித்திருக்கிறது. பணக்காரப் பிள்ளையும் அதே ஈரத் தரையில்தான் படுக்க வேண்டும். ஒருவருக்குத் தேர்வு என்றால் இன்னொருவர் காவல் இருப்பார். ஆனால் இரவு வேலை பார்த்துப் படிக்கும் மாணவர் என்ன செய்வார்? கூடச் சேர பதினொரு நண்பர்கள் இல்லாத புது மாணவர்? காசு கேட்காத வரிசை நேரத்தைக் கேட்கிறது. நேரமும் எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை.

பத்து மைல் தூரத்தில் இருக்கும் அதே வட கரோலினா பல்கலைக்கழகம் வேறு வழியில் போகிறது. இணையத்தில் பெயர் கொடுத்தால் குலுக்கல். விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் புத்தகத்தை எடுக்கலாம்!

நம் ஊருக்கு வருவோம். 2018 டிசம்பர் 11, சுசுகி கிண்ண இறுதியாட்டத்தின் முதல் சுற்று. வியட்நாமுடன் 2-2 என முடிந்த அந்த ஆட்டத்தைப் புக்கிட் ஜாலிலில் 88 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். டிக்கெட்டுக்காகப் பலர் இரவெல்லாம் அரங்க வாசலில் காத்துக் கிடந்தார்கள். கிடைக்காதவர்களின் கோபமும் செய்தியானது. தம்பிக்கு நான் வாங்குவதெல்லாம் இணையத்தில்தான். வாசலில் கிடக்க வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் முந்துபவருக்கே டிக்கெட் என்பது வரிசையே அல்ல, ஓட்டப்பந்தயம். தோட்டத்து வீட்டில் தம்பியின் கைப்பேசியில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்; இங்கே விடுதியில் எனக்கு இரண்டு விநாடியில் திறக்கும். அதனால் நானும் அறைத்தோழிகள் மூவரும் விற்பனை தொடங்குவதற்கு முன்பே ஆளுக்கொரு கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவோம். யாருக்கு முதலில் திறக்கிறதோ அவர் மற்றவர்களுக்கும் சேர்த்து வாங்குவார். எங்கள் கூடாரம் அதுதான்.

டிக்கெட் கிடைத்த பிறகும் தம்பிக்குக் கணக்கு முடிவதில்லை. கெமாஸிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் பண்டார் தாசேக் செலாத்தான், அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் இரண்டாவது நிலையம். போவது எளிது. ஆட்டம் முடிய இரவு 11 ஆகிவிடும். பையன்கள் ஐந்து பேரும் நிலையத்து நாற்காலிகளில் விடியும்வரை உட்கார்ந்திருந்துதான் ஊர் திரும்பினார்கள். ரயில் செலவையும் சாப்பாட்டையும் கூட்டினால் ஆட்டத்தின் டிக்கெட்டே மலிவு.

என்னைக் கேட்டால், பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டில் ஒரு பகுதியை மாணவர்களுக்கென்று ஒதுக்கி, மாணவர் அட்டை எண்ணைப் பதிந்தவர்களுக்குக் குலுக்கலில் கொடுக்கலாம். பதிவுக்கு மூன்று நாள் திறந்திருந்தால் போதும். பக்கம் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் மூன்று நாளில் ஒருமுறையாவது திறக்கும், கெமாஸ் தோட்டத்திலும்.